இரண்டு வார நடைக்கு எந்தக் கணவாய்? பின் பார்வதி, பராங் லா, ஜன்ஸ்கார்

மூன்று பேருக்கு அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு கிடைத்துவிட்டது. நான்காமவர் சொந்தத் தொழில் செய்பவர், கூப்பிட்டால் வந்துவிடுவார். முன்னும் பின்னும் நடுவிலும் வரும் சனி, ஞாயிறுகளைச் சேர்த்தால் 16 நாள். ஜூலை கடைசியில் கோவையிலிருந்து கிளம்பி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் வீடு வந்து சேர வேண்டும். நான்கு நாள், ஐந்து நாள் ட்ரெக்குகள் எல்லோரும் போயாயிற்று. இந்த முறை கொஞ்சம் கடினமாகவே நடப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். இடம் மட்டும்தான் முடிவாகவில்லை.

கையில் இருப்பது மூன்று வழிகள். ஹிமாசலத்தில் பார்வதிப் பள்ளத்தாக்கிலிருந்து ஸ்பிதிக்குள் இறங்கும் பின் பார்வதிக் கணவாய் ('பின்' என்பது ஸ்பிதிப் பக்கத்து ஆற்றின் பெயர்). ஸ்பிதியின் கிப்பர் கிராமத்திலிருந்து லடாக்கின் த்ஸோ மொரிரி ஏரிக்குப் போகும் பராங் லா ('லா' என்றால் கணவாய்). தார்ச்சாவிலிருந்து ஷிங்கோ லா ஏறி பதும் வரை போகும் ஜன்ஸ்கார் வழி. மூன்றிலும் என் கால் பட்டிருக்கிறது. ஜன்ஸ்காரை 2014-லும் பராங் லாவை 2018-லும் முழுதாக நடந்தேன். பின் பார்வதியில் மந்தலாய் ஏரி வரை போய்த் திரும்பினேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால், நாங்கள் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன்.

மற்ற இடங்களை ஏன் எடுக்கவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டில் அந்த மாதங்களில் மழையும் மண்சரிவும். நேபாளத்திலும் பெரும்பாலான வழிகள் பருவமழைக்குள் கிடக்கும். காஷ்மீரின் பெரிய ஏரிகள் வழி அழகானது, ஆனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆக, முதலில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று வடக்கே போய் மலையில் மோதி, தெற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. நம் ஊரில் வால்பாறைக்கும் உடுமலைக்கும் இருக்கும் வித்தியாசம்தான், அங்கே பல மடங்கு பெரிதாக. ஸ்பிதி, ஜன்ஸ்கார், லடாக் எல்லாம் மழை மறைவுப் பகுதி. லே ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதற்காக அங்கே ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவில் கொட்டிய மழையில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூலையில் குலு, மணாலியை வெள்ளம் அடித்துப் போட்டபோது, சந்திரதால் ஏரிப் பக்கம் பனியில் சிக்கிய சுமார் 290 பேரை மீட்டு வர வேண்டியிருந்தது. ஆனாலும் பத்து நாள் தொடர்ந்து நடக்க வேண்டுமென்றால், ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் நல்லது.

பின் பார்வதியின் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. அந்த வழியின் முதல் பாதி முழுக்க மழைப் பக்கத்தில் இருக்கிறது. பர்ஷைனியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெந்நீர் ஊற்று இருக்கும் கீர்கங்கா, துண்டா புஜ், தாக்கூர் குவான், ஓடி தாச், மந்தலாய் என்று ஆற்றோடு ஏறிப் போக வேண்டும். நடுவே பாண்டு புல் என்ற இடத்தில் பார்வதி ஆற்றுக்குக் குறுக்கே ராட்சதப் பாறைகள் பாலம் போலக் கிடக்கின்றன. பீமன் தூக்கிப் போட்டதாக அங்கே சொல்கிறார்கள். பாண்டவர் பேர் சொல்லும் பாறை நம் ஊரிலும் எத்தனையோ இருக்கிறது, அதனால் கேட்டதும் சொந்த ஊர்க் கதை மாதிரிதான் பட்டது. மழையில் அந்தப் பாறைகள் வழுக்கும். கையைக் காலாக்கித்தான் கடக்க வேண்டும்.

நான் போனது ஓர் ஆகஸ்ட் தொடக்கம். துண்டா புஜ் தாண்டிப் பிடித்த மழை விடவே இல்லை. மந்தலாய்க் கரையில் இரண்டு இரவு டென்டுக்குள் கிடந்தோம். தையல் வழியாக ஒரு சொட்டு, என் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே டிபன் டப்பாவின் மூடியை வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் மூடி நிறைந்து வழிந்து, பேக்குக்குள் இருந்த இறகு கட்டி கட்டியாக ஒட்டிப் போயிருந்தது. இறகு அடைத்த பேக் நனைந்தால் அதில் சூடே தங்காது. மேலே இன்னும் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அங்கே பனி. அதோடு, கயிறு நாங்கள் தருகிறோம் என்று மணாலியில் சொன்ன ஏற்பாட்டாளர் அனுப்பி வைத்தது, துணி காயப்போடும் நைலான் கயிற்றைவிடக் கொஞ்சம் தடிமனான ஒன்று. பத்து மீட்டர்கூட இருக்காது. மழை விட்டிருந்தாலும் அதை நம்பிப் பனியாற்றில் கால் வைத்திருக்க மாட்டேன். கணவாயை ஒட்டிய பனிப்பரப்பில் வெடிப்புகள் உண்டு. புதுப்பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒருவரோடொருவர் கயிற்றில் கட்டிக்கொண்டு, அந்த இடத்தை அறிந்த ஆள் முன்னே நடக்க, பின்னால் போக வேண்டிய இடம் அது.

இவ்வளவு சொன்ன பிறகும், மூன்றில் மிக நன்றாக அமைந்த வழி எது என்று கேட்டால் பின் பார்வதியைத்தான் சொல்வேன். காரணம் அதன் ஏற்றம். 2,200 மீட்டர் அளவில் தொடங்கி கீர்கங்காவில் 2,900 சொச்சம், அப்புறம் 3,300, 3,700, மந்தலாயில் 4,100 என்று படிப்படியாகப் போகிறது. கடைசியில்தான் 5,319 மீட்டர் கணவாய். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பார்வதிப் பள்ளத்தாக்கு அந்தக் கணக்குக்கு ஏறக்குறைய ஒத்துப் போகிறது. உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வந்தாலும் இறங்குவதற்குக் கீழே காடு இருக்கிறது. கணவாயைத் தாண்டியதும் பச்சை எல்லாம் மறைந்து, பின் பள்ளத்தாக்கின் செம்மண் நிறச் சரிவுகள் வந்துவிடும். மூத் கிராமத்துக்கு இரண்டே நாள். 1884-ல் இதைக் கடந்த லூயி டேன் என்ற ஆங்கிலேய அதிகாரிதான் இதை முதலில் பதிவு செய்தவர். இன்றும் அதே வழிதான்.

பராங் லாவில் எல்லாமே தலைகீழ். வானம் நமக்குச் சாதகம். வழியில் பெரிய பனிச்சிக்கல் கிடையாது. தெற்கே செங்குத்தான சரளைச் சரிவு, வடக்கே சாய்வு குறைந்த பனிப்பரப்பு. குதிரைகளே ஏறி இறங்கும். ஸ்பிதிக்காரர்களும் லடாக்கின் சாங்தாங் மேய்ப்பர்களும் பண்டமாற்றுக்குப் போய் வந்த பாதை இது. ஆனால் உயரம் எடுத்த எடுப்பிலேயே வந்து நிற்கிறது. கிப்பர் கிராமமே 4,270 மீட்டர். நம் தென்னாட்டின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். கணவாய் 5,500 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் பலர் வரைபடத்தில் கவனிப்பதில்லை. கணவாயைத் தாண்டிய பிறகும் தரை வேகமாக இறங்குவதில்லை. பாரே சூ ஆற்றோடு ஐந்து நாள் நடந்தாலும் த்ஸோ மொரிரி ஏரியே 4,522 மீட்டரில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் உடம்பு கெட்டால் 'கீழே இறங்கு' என்பதுதான் மருந்து. இங்கே இறங்கக் கீழே இடமே இல்லை. ஒன்று, வந்த கணவாயைத் திரும்ப ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஏரிக்கரையில் இருக்கும் கோர்ஸோக் வரை போயாக வேண்டும். நடுவில் கிராமம் கிடையாது. கியாங் என்கிற காட்டுக் கழுதைக் கூட்டங்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் சாங்பா மேய்ப்பர்களின் கூடாரங்களையும் பார்க்கலாம்.

அந்தப் பாரே சூ ஆற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பராங் லாவின் வடக்கே பிறந்து, திபெத்துக்குள் நுழைந்து சுற்றி, மறுபடி இந்தியாவுக்குள் வந்து சும்தோ அருகே ஸ்பிதி ஆற்றில் சேர்கிறது. 2004-ல் திபெத் பக்கம் மலை சரிந்து அதை அடைத்து ஓர் ஏரியே உண்டானது. 2005 ஜூனில் அது உடைந்து, ஸ்பிதி போய்ச் சேரும் சட்லெஜின் கரையெல்லாம் வெள்ளம். நடந்து போகிறவர்கள் அதை நோர்பு சும்தோ பக்கத்தில் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. காலையில் முழங்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் மாலையில் இடுப்பைத் தொடும். நாங்கள் அன்று தாமதமாகக் கிளம்பி, பகல் இரண்டு மணிக்குக் கரையில் நின்றோம். குதிரைக்காரர் ஆற்றைப் பார்த்தார், ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டார், டென்டைப் பிரிக்கச் சொன்னார். மறுநாள் ஐந்தரைக்கு இறங்கினோம். ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செருப்பு வார்களை இறுக்கி, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, மூன்று பேர் தோளோடு தோள் பிடித்து நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தோம். முதல் பத்து எட்டில் எலும்புக்குள் ஊசி ஏறியது. அப்புறம் கால் இருப்பதே தெரியவில்லை. கரையேறிய பிறகு கம்பளிக் குல்லாயால் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, உணர்வு திரும்பும்போது வந்த வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்லவேளை, முந்தின மாலை இறங்கவில்லை.

ஜன்ஸ்காருக்கு வருவோம். 2014-ல் நான் நடந்தபோது ஷிங்கோ லாவுக்கு மேலே சாலை இல்லை. கணவாய் தாண்டியதும் கோன்போ ரங்ஜோன் என்ற ஒற்றைப் பாறைச் சிகரம் நெடுநேரம் கண்ணிலேயே நிற்கும். அப்புறம் கர்க்யாக், பூர்னே என்று கிராமங்கள், பார்லி வயல்கள், வீட்டுத் திண்ணையில் வெண்ணெய்த் தேநீர். பூர்னேயிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்கில் நுழைந்தால், குகை வாயில் தேன்கூடு ஒட்டியது போல புக்தல் மடாலயம். ஹங்கேரி நாட்டு அறிஞர் சோமா டி கோரோஸ் 1820-களில் அங்கேயும் தங்கித் திபெத்திய மொழியைக் கற்றார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1834-ல் வெளிவந்தது.

இன்று அந்த வழியில் நிம்மூ–பதும்–தார்ச்சா சாலை வந்துவிட்டது. ஷிங்கோ லாவுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டும் வேலை 2024 ஜூலையில் தொடங்கியது. முன்பெல்லாம் தார்ச்சாவிலிருந்து லாமாயூரு வரை மூன்று வாரம் நடந்த நெடுவழியில் இப்போது பல துண்டுகள் ஜீப் போகும் பாதை. நடப்பவர் கண்ணுக்கு அது இழப்பு. ஆனால் குளிர்காலம் முழுக்க வெளியுலகமே இல்லாமல், பிரசவத்துக்குக்கூட உறைந்த ஆற்றின் மேல் நடந்த ஊர்களுக்கு அந்தச் சாலை எவ்வளவு பெரியது என்று யோசித்தால், என் வருத்தத்தை நான் பெரிதாகப் பேசக் கூடாது. வீட்டில் பெரியவர்களையோ முதல்முறை வருபவர்களையோ அழைத்துப் போக இப்போது ஜன்ஸ்கார்தான் சரி. இரவு தங்க வீடுகள் கிடைக்கும். முடியாவிட்டால் வண்டி கிடைக்கும். புக்தலுக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கடினமான இரண்டு வாரம் வேண்டும் என்கிறவர்களுக்கு அது இனி பதில் இல்லை.

மீதி இரண்டு. இவற்றுக்குள் எதை எடுப்பது என்று பேசும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: கணவாய் தாண்டிய அன்று இரவு நம்மில் ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வோம்?

பின் பார்வதியில் மேலே குதிரை வராது, சுமப்பவர்கள்தான். படுத்தவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆனால் மூத் பக்கம் ஒவ்வொரு மணி நேரமும் உயரம் குறையும். பராங் லாவில் உயரம் வேகமாகக் குறையாது, ஆனால் குதிரை இருக்கும். சேணத்தில் உட்கார வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டு போகலாம், கோர்ஸோக்குக்கு மூன்று நான்கு நாள். இரண்டிலும் போன் எடுக்காது. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டில் மலையேறுபவர்கள் சாதாரணமாக எடுத்துப் போகும் செயற்கைக்கோள் மெசேஜ் கருவிகளோடு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பட்டனை அமுக்கினால் ஹெலிகாப்டர் வரும் என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

அப்படியானால் பராங் லாவில் உடம்பை உயரத்துக்குப் பழக்குவது கிப்பரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் நாள்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கே ஒரு ஆச்சரியம். மணாலி வழியாகப் போனால் ஸ்பிதி பக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அடல் சுரங்கம் வந்த பிறகு வேகமும்கூட. ஆனால் 2,050 மீட்டர் மணாலியில் தூங்கி, மறுநாள் இரவு சுமார் 3,650 மீட்டரில் இருக்கும் காஸாவில் படுத்தால், அதற்கு அடுத்த இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார வேண்டும். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக வந்தால் கல்பாவில் 2,960, தாபோவில் 3,280, அப்புறம் காஸா. பஸ்ஸில் கூடுதலாக உட்கார்ந்திருப்போம், ஆனால் காஸாவில் ஓய்வுநாள் தனியாக வேண்டாம். இரண்டு கணக்கிலும் கிப்பரில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுத்து, ஏழாம் நாள் காலையில்தான் நடக்கத் தொடங்குகிறோம். நாள்கணக்கு இரண்டிலும் ஒன்றுதான், கின்னோர் வழியில் உடம்பு படும் பாடு பாதி. 996-ல் கட்டிய தாபோ மடாலயத்தின் சுவரோவியங்களை நின்று பார்க்கவும் ஒரு மாலை கிடைக்கிறது.

ஏழாம் நாள் தும்லா, அப்புறம் தல்தக், போரோகென், பத்தாம் நாள் கணவாய். அதற்கு அப்பால் கர்சா கோங்மாவிலிருந்து வழக்கமாகப் போடும் கேம்ப்களில் இரண்டைத் தட்டைத் தரையில் ஒன்றாக்கினால் பதினான்காம் நாள் கோர்ஸோக், பதினைந்தில் லே, பதினாறில் விமானம். ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஆறு ஒரு மாலை நம்மை நிறுத்தினால் விமானம் போய்விடும். ஆகவே மூன்று பேரும் மேலும் ஒரு நாள் விடுப்பு கேட்டிருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் பராங் லா வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மிச்சநாள் இல்லாதபோதுதான் இரண்டு மணிக்கு ஆற்றில் இறங்கத் தோன்றும்.

சுமை பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. எல்லாவற்றையும் நாமே சுமக்க வேண்டும், அதுதான் ட்ரெக் என்று ஒருவர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் உலர்ந்த உணவு என்றாலும் ஒன்பது நாளுக்கு ஆறு கிலோ ஆகிறது. டென்ட், அடுப்பு, துணி சேர்ந்தால் 18 கிலோவைத் தாண்டும். 5,000 மீட்டரில் அதைத் தூக்குபவர் பகல் இரண்டு மணிக்கு முன் எந்த கேம்புக்கும் போய்ச் சேர மாட்டார். குதிரை எடுக்கிறோம். குதிரைதான் அங்கே ஆம்புலன்ஸ் என்று சொன்னதும் அவரும் ஒப்புக்கொண்டார். குதிரை இருப்பதால் மூன்று லிட்டர் பிரஷர் குக்கரும் வரும். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி ஒரு மணி நேரம் வெந்தாலும் நடுவில் கல்லாக நிற்கும். போன முறை இரண்டு இரவு அப்படித் தின்றோம். இந்த முறை குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். காலையில் ஊறவைத்த அவல். கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற முடியாது, சிம்லாவிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பயிற்சிக்கு வெள்ளியங்கிரி ஜூலையில் திறந்திருக்காது. மருதமலைப் படிகளில் பத்து கிலோ பையோடு வாரம் மூன்று முறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். கால் உறுதிப்படும். உயரத்துக்கு இது எதுவும் செய்யாது என்பதை நால்வரும் தெரிந்துதான் ஏறுகிறோம். உயர நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை பற்றி அவரவர் மருத்துவரிடம் பேசியாயிற்று. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் எடுக்காது என்பதால் இரண்டு பேர் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டார்கள்.

ஆக, முடிவு பராங் லா. இதுவே செப்டம்பர் முதல் வாரமாக இருந்திருந்தால் யோசிக்காமல் பின் பார்வதிக்குப் போயிருப்போம், நல்ல கயிற்றோடு. விடுப்பு கிடைத்த மாதம்தான் இடத்தைத் தீர்மானித்தது.

கின்னோர்ச் சாலை மழையில் உடைந்து கிடந்தால்? அதற்கும் ஒன்று வைத்திருக்கிறோம். டில்லியில் இறங்கும் காலை, ரெக்காங் பியோவில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்து சாலை நிலவரம் கேட்போம். மூடியிருந்தால் டில்லியிலிருந்து நேராக லேக்கு விமானம், லேயில் மூன்று நாள் சும்மா இருப்பு, அப்புறம் ரும்ட்ஸேயிலிருந்து த்ஸோ கர் வழியாக அதே கோர்ஸோக்குக்கு ஒரு வாரம் நடை. கணவாய்கள் அதிலும் 5,000 மீட்டருக்கு மேல்தான், ஆனால் பாரே சூ கிடையாது. கிப்பர் குதிரைக்காரருக்கு முன்பணம் அனுப்பும்போதே இதைச் சொல்லிவிட்டேன். வராவிட்டால் அந்தப் பணம் அவருக்கு.